ஒரு லட்சம் ரூபாய் இருக்கிறது: புத்தகம் வாங்குவதா, ஆள் வைப்பதா?

போன மாதம் தண்டையார்பேட்டையிலிருந்து நண்பர் ஒருவர் போன் செய்தார். பத்தாம் வகுப்பு முடித்து இருபத்தைந்து வருடம் ஆகிறதென்று அவர்கள் பேட்ச் ஒன்றுகூடியிருக்கிறது. பிரியாணி, குரூப் போட்டோ எல்லாம் ஆன பிறகு, "உருப்படியா ஏதாவது செய்யலாம்டா" என்று ஒருவர் கிளப்பிவிட, இரண்டே வாரத்தில் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு லட்சம் ரூபாய் சேர்ந்துவிட்டது. அவர்களில் ஒருவருடைய அக்காவைப் பொன்னேரிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளின் படிப்புக்கு இந்தப் பணம் என்பது வரைக்கும் ஒருமனதாக முடிவாகிவிட்டது. அதற்கு மேல் சண்டை. பள்ளிக்கூடத்துக்குப் புத்தகம் வாங்கிப் போடலாம் என்கிறது ஒரு கோஷ்டி. வண்டியில் புத்தகத்தை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகலாம் என்கிறது இன்னொரு கோஷ்டி. மாலை வகுப்பு நடத்தலாம் என்கிறார்கள் சிலர். "நமக்கெதுக்கு வம்பு, நல்ல டிரஸ்ட்டாப் பார்த்துக் கொடுத்துட்டுப் போவோம்" என்கிறவர், குழுவில் கணக்குப் பார்க்கிறவர்.

இதே கேள்வியோடு ராயபுரத்திலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் இதற்கு முன்னால் ஆட்கள் வந்திருக்கிறார்கள். கொருக்குப்பேட்டையில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினால், எண்ணூர் தாண்டி, அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் பின்னால் போனதும் வயல் வந்துவிடும். வடசென்னைக்காரர்களுக்குக் கிராமம் என்றாலே அந்தப் பக்கம்தான். அங்கே ஒரு சொந்தக்காரராவது இல்லாத வீடு எங்கள் தெருவில் குறைவு. நானும் நண்பர்கள் நான்கு பேரும் எட்டு வருடமாக மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு என்று சுற்றி, இந்த நான்கு வழியையும் ஏதோ ஒரு சமயத்தில் முயன்று பார்த்திருக்கிறோம். இரண்டில் நன்றாகவே அடிபட்டோம். போனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதிவிடுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி: அந்த ஊர்ப் பிள்ளைக்கு இப்போது வாசிக்க வருகிறதா?

கேட்கவே வேண்டாத கேள்வி மாதிரி இருக்கும். பள்ளிக்கூடம் போகிறது, மூன்றாவது படிக்கிறது, வாசிக்காமலா இருக்கும்? பழவேற்காட்டுப் பக்கம் ஒரு குப்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி படப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, விரலை எழுத்தின் அடியில் ஓட்டியபடியே கணீரென்று வாசித்தாள். "பைபர் போட்டு கடலுக்குப் போவுது." பக்கத்தில் நின்ற எங்கள் ஆளுக்கு ஒரே பூரிப்பு. பைபர் போட்டு என்றால் ஃபைபர் படகு. நான் எட்டிப் பார்த்தேன். அச்சில் இருந்தது, "படகு கரைக்கு வந்தது." அவள் வாசித்தது படத்தை. உள்ளங்கையால் படத்தை மூடியதும் குரல் நின்றுவிட்டது. 'ப' தெரிந்தது. 'ட' தெரிந்தது. 'கு' வந்ததும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

அவள் ஒருத்திதான் அப்படி என்று நினைக்க வேண்டாம். 'அசர்' என்று 2005 முதல் ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது. வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். மூன்றாம் வகுப்பில் இருந்துகொண்டு இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 2018இல் நாடு முழுக்க 27.3 சதவீதம். கொரோனாவுக்குப் பின் 2022இல் அது 20.5க்கு இறங்கி, 2024இல் மறுபடி 27.1க்கு வந்தது. ஏறின பிறகும் நாலில் ஒரு பிள்ளைதான். அது கிராமங்களில் மட்டும் எடுக்கிற கணக்கு என்பதால் நம் வியாசர்பாடி, புளியந்தோப்புப் பிள்ளைகள் அதில் வர மாட்டார்கள்.

இரண்டாவது கேள்வி: பிள்ளையின் பக்கத்தில் யார் உட்காரப் போகிறார்கள்? வாரத்தில் எத்தனை நாள்? "யாராவது கிடைப்பாங்க" என்பது பதில் இல்லை. ஒரு ஆளின் பெயரைச் சொல்ல முடிய வேண்டும்.

மூன்றாவது, இது கல்யாணச் செலவு மாதிரி ஒருமுறையோடு போகிறதா, குடித்தனச் செலவு மாதிரி மாதாமாதம் வருகிறதா? இரண்டாம் வருடப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டால் எந்த வாட்ஸ்ஆப் குழுவும் அமைதியாகிவிடும். அதனால் முதல் வருடமே கேட்டுவிடுவது நல்லது.

நான்காவது, எந்தப் பிள்ளைகள் வருவார்கள், என்ன பேசுவார்கள்? நாம் ஒரு ஊர் என்று நினைப்பது பெரும்பாலும் ஊரும் காலனியுமாக இரண்டு இடம். கும்மிடிப்பூண்டி பக்கம் போனால் வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளைகள் இருப்பார்கள். செங்கல் சூளைக்குப் போனால் ஒடியா.

கடைசியாக ஒன்று, இதில் பேரமே கிடையாது. பெரியவர் ஒருவர் பிள்ளைகளோடு மூடின அறையில் தனியாக இருக்கிற ஏற்பாடு எதுவும் கூடாது. வாசல் திறந்திருக்க வேண்டும், ஊர்ப் பெண்கள் வந்துபோக வேண்டும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண் சுவரில் எழுதியிருக்க வேண்டும். நம் பேட்ச் ஆட்கள் எல்லாரும் நல்லவர்கள்தான். இருந்தாலும்.

## பள்ளிக்கூடத்துக்குப் புத்தகம்

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது இது. செய்வது சுலபம், போட்டோவும் நன்றாக வரும். நாற்பது ஐம்பது பிள்ளைகள் படிக்கிற தொடக்கப் பள்ளிக்கு 250 புத்தகம் தாராளம். ஒன்று 80 ரூபாய் என்று வைத்தால் 20,000 ரூபாயில் வேலை முடிந்தது.

புத்தகம் என்றால் புதுப் புத்தகம். முதல் வருடம் நாங்கள் கெட்டிக்காரத்தனமாக, பழைய புத்தகம் கொடுங்கள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்தோம். பதினொரு மூட்டை வந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் உட்கார்ந்து பிரித்தோம். பத்தாம் வகுப்பு உரைநூல்கள், பேங்க் பரீட்சை கைடு, பாதி எழுதின டைரிகள், கம்பெனி ஆண்டறிக்கை, இரண்டு தொகுதி காணாமல்போன ஆங்கிலக் கலைக்களஞ்சியம், எண் ஜோதிடம், நடுவில் ஒரு கல்யாணப் பத்திரிகை. தட்டினால் ராமபாணப் பூச்சி ஓடும். எட்டு வயதுப் பிள்ளையின் கையில் கொடுக்கக்கூடியது 31 தேறியது. மீதியைப் பழைய பேப்பர் கடையில் போட்டோம். கடைக்காரர் எடை போட்டுக்கொண்டே, "இதை அவங்களே நேரா என்கிட்டப் போட்டிருக்கலாமே சார்" என்றார். ஆட்டோ கூலிகூடத் தேறவில்லை.

அடுத்த வருடம் புதுப் புத்தகம் வாங்கினோம். இருநூறு. ஒரு பள்ளியில் சின்ன விழா, ரிப்பன், கைதட்டல். ஏழு மாதம் கழித்துப் போனபோது அவை இரும்பு பீரோவில் இருந்தன. தலைமையாசிரியை சாவி போட்டுத் திறந்தார். உள்ளே புதுத் தாள் வாசனை அப்படியே அடித்தது. "இருப்புப் பதிவேட்டுல ஏத்தியாச்சு சார். ஒண்ணு தொலைஞ்சாலும் ஆடிட்டுல நான்தானே பதில் சொல்லணும்?" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்பைப் பார்க்கிற பள்ளி அது. பீரோ மேல்தான் கோபம். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். முதல் விதியே புத்தகம் பயன்படுத்துவதற்கு என்பதுதான். இதையெல்லாம் ஒரு விதியாக எழுதி வைக்க வேண்டுமா என்று அதுவரை நினைத்திருந்தேன்.

பீரோவைத் தாண்டி வகுப்புக்கு வந்தாலும் சிக்கல் தீராது. 1990களில் மேற்கு கென்யாவில் பள்ளிகளுக்குப் பாடநூல் கொடுத்து, அதன் பலனைச் சோதித்துப் பார்த்தார்கள். சராசரி மதிப்பெண் உயரவில்லை. ஏற்கெனவே முன்னணியில் இருந்த பிள்ளைகளுக்கு மட்டும் உயர்ந்தது. பாடநூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன, பலருக்கு அது மூன்றாவது மொழி. வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்குத்தான் புத்தகம் வேலை செய்யும் என்பது நம் குப்பத்தில் 'கு'வில் நின்றுபோனவளைப் பார்த்தாலே தெரிகிற விஷயம்.

சரி, எப்போது இந்த வழி சரி? அந்தப் பள்ளியில் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிக்கிற ஆசிரியர் ஒருவர் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். இருக்கிறாரா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அரசின் வாசிப்பு இயக்கத்தில் 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படியாகச் சின்னச் சின்னப் புத்தகங்கள் 2023 முதல் அரசுப் பள்ளிகளுக்கு வந்திருக்கின்றன. அவற்றை எடுத்துப் புரட்டுங்கள். மூலை மடங்கி, எண்ணெய்க் கறை பட்டு, ஒன்றிரண்டு அட்டை கிழிந்திருந்தால் நல்ல பள்ளி. புத்தம் புதிதாக இருந்தால் நம் புத்தகமும் அப்படியேதான் இருக்கும். கொடுக்கும்போது, கிழிந்தாலும் தொலைந்தாலும் கேட்க மாட்டோம் என்று கடிதமாகவே எழுதிக் கொடுங்கள். வகுப்பில் கொடிக்கயிறு கட்டித் துணி கிளிப்பில் தொங்கவிடச் சொல்லுங்கள். முறையாகச் செய்ய விரும்புகிறவர்களுக்கு 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய, அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை கொடுப்பதற்கான 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' வழி இருக்கிறது.

## ஊர் சுற்றும் புத்தகப் பை

இதற்கு நம்மிடம் பழைய முன்மாதிரி உண்டு. ரங்கநாதன் விதி எழுதின அதே 1931இல், மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூலகம் விட்டார். எங்களுடையது டிவிஎஸ் எக்ஸ்எல். நான்கு பை, பைக்கு 30 புத்தகம், நான்கு குடியிருப்பு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒருவர் போய் ஒரு ஊர்ப் பையை அடுத்த ஊரில் மாற்றி வைப்பார். ஒவ்வொரு ஊரிலும் ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணையில் பை தொங்கும்.

செலவு பார்த்தால் புத்தகத்துக்கு 9,600, பைக்கு 1,400, பெட்ரோலுக்குப் பத்து மாதத்துக்கு 10,000, வண்டி ஓட்டுகிறவருக்கு மாதம் 2,500 வீதம் 25,000. மொத்தம் 46,000. புத்தக விலை இதில் கால் பங்குகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். புத்தக வண்டி என்று சொல்கிறோமே தவிர, பணம் போவது வண்டிக்கும் ஆளுக்கும்தான்.

கணக்கில் வராதது மழை. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதம் அந்தப் பக்கம் பல ரோடு தண்ணீரில் கிடக்கும். பை போன இடத்திலேயே நின்றுவிடும். அப்புறம் தொலைவது. முதல் வருட முடிவில் 120 புத்தகம் 74 ஆகியிருந்தது. மனசு கஷ்டப்பட்டு வீடு வீடாகத் தேடினோம். ஒரு பாட்டி தகரப் பெட்டியைத் திறந்து, ரேஷன் கார்டுக்கும் நிலப் பத்திரத்துக்கும் நடுவிலிருந்து நான்கு புத்தகத்தை எடுத்தார். "பிள்ளைங்க கிழிச்சிடும்னு பத்திரமா வெச்சிருக்கேன் தம்பி" என்றார். பீரோ வேறு உருவத்தில் இங்கேயும் இருந்தது.

வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு இந்தப் பை வாசிக்கக் கற்றுத்தராது. பெங்களூரில் அட்சரா அறக்கட்டளை அரசுப் பள்ளிகளுக்கு நடத்திய நூலகத் திட்டத்தை ஆய்வு செய்தவர்கள், 16 மாதத்துக்குப் பின் பிள்ளைகளின் மொழித்திறன் தேர்வில் எந்த மாற்றமும் இல்லை என்று கண்டார்கள். ஆனால் ஐந்தாவது ஆறாவது படித்துக்கொண்டு, வாசிக்கவும் தெரிந்து, வீட்டில் காலண்டரைத் தவிர அச்சடித்த தாளே இல்லாத பிள்ளைக்கு இது பெரிய விஷயம். அப்படிப்பட்டவள் ஒருத்தி பை வருகிற சனிக்கிழமை ரோட்டுக்கே வந்து நிற்பாள். முப்பதையும் முடித்துவிட்டு, அடுத்த ஊர்ப் பை எப்போது வரும் என்று கேட்பாள்.

பை மட்டுமே சரிப்படுகிற இடம் ஒன்று உண்டு: திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகள். மழை விட்டதும் ஒடிசாவின் பலாங்கீர் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள், கோடை முடிவில் திரும்பிவிடுவார்கள். அங்கே நிரந்தரமாக எதையும் கட்ட முடியாது. தமிழ்ப் புத்தகமும் உதவாது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் ஒடியா, தெலுங்கு உட்படப் பல மொழிகளில் படக்கதைகள் கிடக்கின்றன. இலவசமாக இறக்கி, எழுதியவர் வரைந்தவர் பெயரோடு அச்சடித்துக்கொள்ளலாம். நாங்கள் ஜெராக்ஸ் கடையில் கலர் பிரின்ட் எடுத்துத் தையல் போட்டுக் கொண்டு போனோம். அட்டையில் ஒடியா எழுத்தைப் பார்த்ததும் ஒரு சூளைக்காரர் அதை வாங்கி, தன் பிள்ளைக்குக் கொடுக்காமல், தானே நின்றபடி கடைசிப் பக்கம் வரை வாசித்தார்.

## மாலை வகுப்பு

உள்ளூர்ப் பெண் ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுத்து, சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறரை வரை இருபது பிள்ளைகளோடு உட்கார வைப்பது. நான்கிலும் தொல்லை பிடித்தது இது. எனக்குப் பிடித்ததும் இது.

ஆள் எங்கே கிடைப்பார்? 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பயிற்சி எடுத்தவர்கள், பிள்ளைகள் ஏற்கெனவே "மிஸ்" என்று கூப்பிட்டுப் பழகினவர்கள். அந்த ஊரில் யார் செய்தது என்று முதலில் விசாரியுங்கள். புதிதாக ஒருவரைத் தேடுகிற வேலை மிச்சம்.

செலவு விவரம் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். மிஸ்ஸுக்கு மாதம் 3,000. பத்து மாதத்துக்கு 30,000. பாய், கரும்பலகை, சார்ஜ் விளக்கு, எழுத்து அட்டை எல்லாம் சேர்த்து ஒரு 6,000. இத்தோடு முடிந்தது என்று கணக்குப் போட்டு நாங்களும் ஆரம்பித்தோம். பிள்ளைகள் மத்தியானம் பள்ளியில் சாப்பிட்டது. ஐந்து மணிக்குப் பசி. பசித்த பிள்ளை எழுத்தைப் பார்க்காது, வீட்டு அடுப்பைப் பார்க்கும். சுண்டல் வந்தது. தலைக்கு 8 ரூபாய், இருபது பிள்ளை, மாதம் 22 நாள்: 3,520 ரூபாய். மிஸ்ஸின் சம்பளத்தைவிட அதிகம்! பத்து மாதத்துக்கு 35,200. ஒரு வாரம் பணம் தட்டுப்பட்டுச் சுண்டலை நிறுத்திப் பார்த்தோம். இருபத்திரண்டு பேர் ஒன்பது பேரானார்கள். அதற்கப்புறம் நிறுத்தவில்லை. ஆக, ஒரு ஊருக்கு ஒரு வருடம் 71,200.

பணத்தைவிடப் பெரிய விஷயம் இடம். முதலில் கோயில் மண்டபத்தில் வைத்தோம். நல்ல காற்று, லைட் உண்டு, ஊர்க்காரர்களே கொடுத்தார்கள். பதினைந்து பிள்ளைகள் வந்தார்கள். காலனியிலிருந்து ஒருவர்கூட இல்லை. யாரும் வரக்கூடாது என்று சொல்லவில்லை. யாரும் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இரண்டு மாதம் கழித்துத்தான் எங்கள் மரமண்டைக்கு எட்டியது. பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்துக்கு மாற்றினோம். முதல் வாரம் மண்டபத்துப் பிள்ளைகளில் ஆறு பேர் நின்றுவிட்டார்கள், காலனிப் பிள்ளைகள் ஒன்பது பேர் வந்தார்கள். நின்ற ஆறில் நான்கு பேர், சுண்டலுக்கோ கதைக்கோ தெரியாது, மெல்லத் திரும்பி வந்தார்கள். 2006இல் தொடங்கின அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் ஒரு நூலகம் கட்டினார்கள். உங்கள் ஊரில் அந்தக் கட்டடம் பூட்டிக் கிடந்தால், ஊராட்சித் தலைவரிடம் சாவி கேட்டுப் பாருங்கள். அரசுக் கட்டடம் என்றால் எல்லாப் பிள்ளையும் வந்து உட்காரலாம்.

வகுப்பில் என்ன நடக்கும்? எந்த வகுப்பு என்று பார்க்காமல், எழுத்து தெரியாதவர்கள், சொல் கூட்டத் தெரிந்தவர்கள், வாசிக்கிறவர்கள் என்று மூன்று கூட்டமாகப் பிரித்துவிடுவார் மிஸ். கொஞ்ச நேரம் கதையை உரக்கப் படித்துக்காட்டுவார். அப்புறம் அட்டை விளையாட்டு. கடைசியில் ஒவ்வொரு நாளும் ஒரு பிள்ளை ஒரு வாக்கியம் சொல்ல, அதைச் சொன்னபடியே சார்ட்டில் எழுதுவார். ஒரு பையன் சொன்னது: "அப்பாகூட வலை இழுக்கச் சொல்ல நண்டு கவ்விக்கிச்சு." மிஸ் அதை 'இழுக்கும்போது' என்று திருத்தவில்லை. அன்றைக்கு எழுத்துத் தெரியாத கூட்டத்தில் இருந்த அவன், தன் வாக்கியத்தை எல்லாருக்கும் விரல் வைத்து வாசித்துக் காட்டினான். மனப்பாடம்தான். ஆனால் மறுநாள் அட்டைக் குவியலில் 'ந'வையும் 'வ'வையும் அவனே பொறுக்கி எடுத்தான். 'கு'வில் நின்றுபோன அந்தப் பெண்ணும் இதே மாதிரி இன்னொரு வகுப்பில்தான் வாசிக்கப் பழகினாள். ஐந்து மாதம் ஆனது.

இது நாங்கள் கண்டுபிடித்தது இல்லை. மும்பையிலும் வதோதராவிலும் பிரதம் என்ற தொண்டு நிறுவனம் இதே மாதிரி அக்கம்பக்கத்துப் பெண்களை வைத்துப் பின்தங்கின பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது. பின்னாளில் நோபல் வாங்கின அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் சேர்ந்து அதை அளந்தார்கள். மதிப்பெண் நன்றாக ஏறியது. திட்டத்திலிருந்து வெளியே வந்து ஒரு வருடம் ஆனபோது அந்த ஏற்றத்தில் பெரும்பகுதி தேய்ந்தும் போயிருந்தது. உத்தரப் பிரதேசத்தின் ஜவுன்பூரில் ஊர்த் தன்னார்வலர்களை வைத்து வாசிப்பு முகாம் நடத்தினபோது, வந்த பிள்ளைகள் நன்றாக வாசிக்கக் கற்றார்கள்; ஆனால் ஊர்ப் பிள்ளைகளில் வந்ததே 8 சதவீதம். வகுப்பு நடத்தினால் மட்டும் போதாது, பிள்ளையை வரவைக்க வேண்டும், வந்தால் நிறுத்தாமல் நடத்த வேண்டும்.

இன்னொரு மறைமுகச் செலவு, மிஸ் போய்விடுவது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ ஆந்திர எல்லை தாண்டி ஸ்ரீசிட்டியிலோ வேலை கிடைத்தால் கம்பெனி வேன் வாசலுக்கே வரும். நம் 3,000 எந்த மூலைக்கு? எட்டு வருடத்தில் எங்களுக்கு ஆறு மிஸ் மாறியிருக்கிறார்கள். போகிறவரைத் தடுக்காதீர்கள். எப்போதும் இரண்டாவது ஒருவரை, மாதம் 500 கொடுத்தாவது, கூட உட்கார வைத்திருங்கள்.

## நிறுவனத்துக்குக் கொடுத்துவிடுவது

கணக்குப் பார்க்கிற நண்பர் சொன்னதில் தப்பில்லை. யாருக்கும் சனிக்கிழமை ஒழிவில்லை, அந்த ஊரில் ஆள் இல்லை என்றால் இதுதான் நேர்மையான வழி. 1995இல் மும்பைக் குடிசைப் பகுதிகளில் தொடங்கின பிரதம், 2000 முதல் பள்ளி நூலகங்களும் தாய்மொழிக் கதைப் புத்தகங்களும் கொண்டுவருகிற ரூம் டு ரீட், 1980 முதல் இயங்கிவருகிற, 'துளிர்' இதழ் நடத்துகிற தமிழ்நாடு அறிவியல் இயக்கம் என்று அனுபவம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். எது என்ன செய்கிறது என்று பார்த்துக் கொடுங்கள். சூர்யாவின் அகரம் நல்ல வேலை செய்கிறது, ஆனால் அது முதல் தலைமுறைப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புவது. மூன்றாம் வகுப்பு வாசிப்புக்கு அங்கே கொடுத்துப் பயனில்லை.

நீங்கள் இழப்பது ஊரைத் தேர்ந்தெடுக்கிற உரிமை. அக்கா வாழ்க்கைப்பட்ட ஊருக்குத்தான் போக வேண்டும் என்றால் பெரிய அமைப்புகள் அதற்கு ஒத்துவராது. அவர்கள் வேலை செய்கிற இடத்தில்தான் பணம் போகும். வரிவிலக்கு ரசீது கிடைக்குமே என்று சிலர் கொடுப்பார்கள். புதிய வரிமுறையில் இருப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கிடையாது. நிர்வாகச் செலவு எவ்வளவு என்று எல்லாரும் கேட்பார்கள். நான் வேறொன்று கேட்பேன்: பிள்ளைகளோடு உட்காருகிறவருக்கு மாதம் என்ன கொடுக்கிறீர்கள், அவர் எத்தனை மாதமாக இருக்கிறார்? இதற்குப் பதில் சட்டென்று வந்தால் நம்பிக் கொடுக்கலாம்.

ஐந்தாவதாக ஒன்று இப்போது எல்லாக் குழுவிலும் வருகிறது: பத்து டேப்லெட் வாங்கிக் கொடுத்துவிடலாம். மூன்றாவது மாதம் நான்கில் சார்ஜர் இருக்காது, மீதி ஆறில் ரீல்ஸ் ஓடும். விடுங்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | முதல் வருடம் (ரூ.) | இரண்டாம் வருடம் | கணக்கில் வராத செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| பள்ளிக்குப் புத்தகம் | 20,000 | பெரிதாக இல்லை | பீரோ, பதிவேட்டுப் பயம் | வாசிக்கவைக்கிற ஆசிரியர் உள்ள பள்ளி |
| ஊர் சுற்றும் பை | 46,000 | 35,000க்கு மேல் | மழை, தொலைவது | வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள், சிதறின குடியிருப்பு, சூளை |
| மாலை வகுப்பு | 71,200 | 65,000க்கு மேல் | சுண்டல், இடம், மிஸ் மாறுவது | வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகள், உள்ளூர் ஆள் உள்ள ஊர் |
| நிறுவனத்துக்கு | முடிந்த தொகை | விருப்பம்போல் | ஊர் நம் கையில் இல்லை | நேரம் இல்லாத குழு |

## அந்த ஒரு லட்சம்

தண்டையார்பேட்டைக் குழுவுக்கு நான் சொன்னது இது. அந்த ஊரில் உங்களுக்கு அக்கா இருக்கிறார். அவரே மிஸ்ஸாக வேண்டாம், மிஸ் யார் என்று தேடித் தரட்டும், நடுவில் எட்டிப் பார்த்துக்கொள்ளட்டும். மாலை வகுப்புக்கு 71,200 ஒதுக்குங்கள். வகுப்பு நடக்கிற இடத்திலேயே கயிற்றில் தொங்கவிட 120 புத்தகம், 9,600. மீதி 19,200ஐத் தொடாதீர்கள். அதுதான் அடுத்த ஜூன் மாதம் வகுப்பு திறக்கிற பணம்.

இரண்டாம் வருடத்துக்கு மறுபடி பிரியாணி போட்டு வசூல் செய்ய வேண்டாம். சம்பளமும் சுண்டலும் சேர்த்து மாதச் செலவு 6,520. முப்பத்துமூன்று பேர் மாதம் 200 போட்டால் சரியாகப் போச்சு. குழுவில் நாற்பத்தாறு பேர் இருப்பதாகச் சொன்னார். முதல் மாத ஆர்வத்தில் எல்லாரும் போடுவார்கள், ஆறாவது மாதம் எத்தனை பேர் போடுகிறார்கள் என்று பாருங்கள். அது இருபதுக்குக் கீழே இறங்கினால், பிள்ளைகளை நடுவில் விடாமல் அந்த வருடத்தை முடித்துவிட்டு, மிச்சத்தை ஒரு அமைப்புக்குக் கொடுத்துவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாங்களும் ஒரு ஊரில் அப்படித்தான் செய்தோம்.

"அப்போ எப்ப ஸ்டார்ட் பண்றது?" என்றார் நண்பர். வருகிற சனிக்கிழமை மத்தியானம் இரண்டு பேர் மட்டும் கொருக்குப்பேட்டையில் வண்டி ஏறுங்கள் என்றேன். பேனர் வேண்டாம், மூட்டை வேண்டாம், மிட்டாய்கூட வேண்டாம். பையில் ஒரே ஒரு படக்கதைப் புத்தகம் போதும். அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் பிள்ளைகள் தானாக வந்து சூழ்ந்துகொள்ளும். பத்துப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுங்கள், பாதியில் படத்தைக் கையால் மூடுங்கள். எத்தனை பேர் நிற்காமல் வாசிக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு வந்து அன்றைக்கு ராத்திரி எனக்குப் போன் செய்யுங்கள். ஏழெட்டுப் பேர் வாசித்துவிட்டால் நான் மேலே சொன்ன கணக்கெல்லாம் மாறும். பேசாமல் பையை வாங்கிக்கொள்ளலாம்.